நுரையீரலில் தங்கும் கல்

செங்கல்பட்டு மாவட்டம் கல்லை உடைத்தும் செதுக்கியும் பிழைத்த நிலம். பல்லாவரம், பரங்கிமலை வட்டாரத்தின் கரும்பாறையை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியலாளர், கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் பதிக்கப்பட்ட கல்லும் இதே இனத்தைச் சேர்ந்தது என்று கண்டு, 1893-இல் அதற்குச் ‘சார்னோகைட்’ என்று பெயர் வைத்தார். பாறைக்குப் பெயர் வந்த காலத்துக்கு வெகு முன்பே மாமல்லபுரத்தில் பல்லவர் அதைக் குடைந்து கோயிலாக்கியிருந்தனர். பின்னாளில் சென்னை நகரம் கட்டடங்களாக எழுந்தபோது திரிசூலம், பம்மல் பகுதிக் குவாரிகளும் கிரஷர்களும் ஜல்லி கொடுத்தன. 1957-இல் மாமல்லபுரத்தில் தொடங்கப்பட்ட அரசு சிற்பப் பயிற்சி நிலையம் பின்னர்க் கல்லூரியாக வளர்ந்து, தலைமுறை தலைமுறையாகச் சிற்பிகளை உருவாக்கியது. 2017-இல் அவ்வூர்க் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கல்லின் புகழ் இவ்வாறு பதிவாகியிருக்க, அதை உடைத்தவர், அறுத்தவர், செதுக்கியவர் ஆகியோரின் நுரையீரலில் என்ன தங்கியது என்பதற்கு அந்த அளவுக்கு ஒழுங்கான பதிவேடு இல்லை. தொழில்வழி நோய்க்கு இழப்பீடு கேட்பதில் உள்ள சிக்கல் பெரும்பாலும் இந்தப் பதிவின்மையில்தான் தொடங்குகிறது.

இத்தகைய நோய்களுள் உலகெங்கும் நீதிமன்றங்களில் மிகுதியாக வழக்காடப்பட்டது கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸால் வருவது. கல்நார் பாறையிலிருந்து எடுக்கப்படும் ஒரு கனிமம். ஆனால் பஞ்சுபோல் இழையிழையாகப் பிரியக்கூடியது, நெருப்பில் எரியாதது, அமிலத்துக்கும் எளிதில் அசையாதது. சிமென்ட்டோடு கலந்து கூரைத் தகடாகவும் குழாயாகவும், கொதிகலன் மீது வெப்பக் காப்பாகவும், வாகனங்களின் பிரேக் பட்டையாகவும் அது பயன்பட்டதற்கு இந்தக் குணங்களே காரணம். தமிழ்நாட்டில் கோவையை அடுத்த போத்தனூரிலும் அரக்கோணத்திலும் கல்நார் சிமென்ட் தகடு செய்யும் ஆலைகள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுந்தன. அங்கிருந்து வந்த அலையலையான சாம்பல்நிறத் தகடு, ‘ஆஸ்பெட்டாஸ் ஷீட்’ என்ற பெயரில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் குடியிருப்புகளுக்கும் பட்டறைகளுக்கும் கோழிப் பண்ணைகளுக்கும் கூரையாயிற்று. தகடு முழுதாக, அசையாமல் கிடக்கும்வரை அதிலுள்ள இழைகள் சிமென்ட்டுக்குள் கட்டுண்டு கிடக்கும். அதை ரம்பத்தால் அறுக்கும்போதும், போல்ட் மாட்ட ஓட்டை போடும்போதும், பழைய கூரையைப் பிரித்து உடைத்து லாரியில் வீசும்போதும்தான் அவை காற்றில் ஏறுகின்றன. ஆகவே ஆலைத் தொழிலாளியோடு இந்த ஆபத்து முடிவதில்லை. கடலோரத்தில் பழைய கட்டடங்களை இடித்து விடுதிகளும் வீடுகளும் எழுப்பும் ஒவ்வொரு இடத்திலும் நாள்கூலிக்குக் கூரை பிரிப்பவருக்கும் அது வந்துசேர்கிறது.

கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய இந்த இழைகள் மூச்சுக்குழாயின் கடைசி நுண்ணறைவரை சென்று படிகின்றன. உடலால் அவற்றைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. அவற்றைச் சுற்றி நுரையீரல் தழும்பேறி, மெல்ல மெல்ல விரியும் தன்மையை இழப்பதே ‘ஆஸ்பெஸ்டோசிஸ்’. மேலும் நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலைச் சூழ்ந்த உறையில் தோன்றும் ‘மீசோதீலியோமா’ என்ற அரிய புற்றுநோயும் இதே இழைகளால் வருகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு முகமை, கல்நாரின் எல்லா வகைகளையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவன என்று உறுதி செய்யப்பட்ட முதற்பிரிவில் வைத்திருக்கிறது. இந்த நோய்களின் கொடுமையான இயல்பு அவற்றின் தாமதம்: இழையை உள்ளிழுத்த காலத்துக்கும் மூச்சு வாங்கத் தொடங்கும் காலத்துக்கும் இடையே பத்து ஆண்டுகள் முதல் நாற்பது ஆண்டுகள்வரை கடந்துவிடுகின்றன.

மாமல்லபுரக் கரையில் இதற்கு உடன்பிறந்த நோய் ஒன்று இன்னும் நெருக்கமாக உலவுகிறது. கருங்கல்லின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குவார்ட்ஸ், அதாவது தனித்த சிலிக்கா. அதன் பொடி நுரையீரலில் உண்டாக்கும் தழும்பு நோயே ‘சிலிக்கோசிஸ்’. உளியும் சுத்தியலும் மட்டுமே இருந்த நாளில் கல் சில்லுகளாகத் தெறித்தது. பெருஞ்சில்லு காலடியில் விழும், மூச்சோடு போகாது. இன்றைய பட்டறையில் மின்கிரைண்டரின் வைரப் பிளேடு கருங்கல்லைத் தொட்டதும் அது சில்லாக அல்ல, மாவாகப் பறக்கிறது. சிற்பியின் புருவமும் காதுமடலும் ஒரு மணி நேரத்தில் வெளுத்துவிடுகின்றன, முன்னால் இருக்கும் சிலையின் முகமே சிறிது நேரம் மறைந்துபோகிறது. மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டு இந்த வெள்ளைப் பொடியில் பெரிய துகளை மட்டுமே தடுக்கும். நுண்ணறைவரை செல்லக்கூடிய துகளோ மயிரிழையின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாதது. மாக்கல் செதுக்குபவருக்கு இந்தத் தொல்லை இல்லை என்ற நம்பிக்கை பட்டறைகளில் உண்டு. மாக்கல்லின் அடிப்படையான டால்க் கனிமம் சில படிவங்களில் கல்நார் வகையைச் சேர்ந்த டிரெமோலைட் இழையோடு கலந்தே கிடைக்கிறது என்பதால், மென்மையான கல் என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தீங்கற்றது என்று கொள்ள இயலாது.

நோய் வந்தபின் முதற்படி, அதற்குச் சரியான பெயர் சூட்டுவது. இதுவே தவறும் இடமும் ஆகும். விடாத இருமல், எடைக் குறைவு, மேல்மூச்சு ஆகியவற்றோடு வரும் கல்தொழிலாளியின் மார்பு எக்ஸ்-ரே படத்தில் மேற்பகுதி நிழலாடினால், காசநோய் பரவலாக உள்ள நாட்டில் மருத்துவரின் எண்ணம் முதலில் அங்கேதான் செல்லும். ஆறு மாத மருந்தும் கொடுக்கப்படும். சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் பற்றிக்கொள்வதால் இரண்டும் சேர்ந்தே இருக்கும் வாய்ப்பும் உண்டு என்பது குழப்பத்தை மேலும் கூட்டுகிறது. டாக்டர் சௌரி முத்து 1928-இல் நிறுவிய தாம்பரம் சானடோரியம், இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இதே மாவட்டத்தில் இயங்குகிறது. செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. எனவே படமெடுக்கவும் மூச்சளவு சோதனை செய்யவும் இடமில்லாத பகுதி அல்ல இது. ஆனால் நோயாளி செய்த வேலை என்ன, எத்தனை ஆண்டுகள், எந்தத் தூசில் என்ற தொழில் வரலாறு நோய்க்குறிப்பில் ஏறாவிட்டால், எவ்வளவு தெளிவான படமும் சட்டத்தின் முன் வெறும் நிழலே. வெளிநோயாளர் சீட்டில் ‘கூலி’ என்று எழுதப்படும் அந்த ஒரு சொல், பின்னாளில் லட்சக்கணக்கான ரூபாய் இழப்பீட்டை இல்லாமல் ஆக்கிவிடக்கூடும்.

இந்தியாவில் கல்நார்த் தொழிலாளியின் உரிமைக்கு அடித்தளமிட்டது, அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரி 27 அன்று வழங்கிய தீர்ப்பு. வேலையில் இருக்கும்போதும் ஓய்வு பெற்ற பின்னும் உடல்நலத்தைக் காத்துக்கொள்வது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையின் ஒரு பகுதியே என்று அத்தீர்ப்பு அறிவித்தது. நடைமுறையில் அதைவிடப் பயனுள்ளது அதன் ஓர் ஆணை: கல்நார்த் தொழிலகம் ஒவ்வொன்றும் தன் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்ட நாளிலிருந்து 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். நோயின் தாமதத்தை நன்கு உணர்ந்தே நீதிமன்றம் இந்தக் கால அளவை வகுத்தது. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் ஆஸ்பெஸ்டோசிஸ் என்று சான்றளிக்கும் தொழிலாளிக்கு ஒரு லட்சம் ரூபாய் வழங்கவும் அது உத்தரவிட்டது. கல்நாரை முற்றாகத் தடை செய்யக் கோரிய மற்றொரு மனுவை 2011-இல் அதே நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகையால் உள்நாட்டுச் சுரங்கங்கள் ஏறத்தாழ ஓய்ந்துவிட்டாலும், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் வெள்ளைக் கல்நார் இன்றும் சட்டப்படியே தகடாகிக்கொண்டிருக்கிறது.

இழப்பீட்டுக்கான நேரடி வழியை வகுத்தது 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம்; 2025 நவம்பரில் அது புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டாலும் அதன் அடிப்படை தொடர்கிறது. வேலையில் கை துண்டானால் அது விபத்து, நுரையீரல் கெட்டால் அது நோய் என்று பிரித்துப் பார்ப்பது வழக்கம். இச்சட்டமோ, தன் மூன்றாம் அட்டவணையில் பட்டியலிட்ட தொழில்வழி நோய்களை விபத்தால் நேர்ந்த காயமாகவே கருதச் சொல்கிறது. கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் அந்த அட்டவணையின் ‘பி’ பகுதியில் உள்ளன. ஆஸ்பெஸ்டோசிஸ், சிலிக்கோசிஸ் இரண்டும் ‘சி’ பகுதியில் ஒரே வரியில் நிற்கின்றன. பட்டியலில் உள்ள நோய், அதற்குரிய வேலையை உரிய காலம் செய்தவருக்கு வந்தால், அது அந்த வேலையால்தான் வந்தது என்று சட்டமே முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை முதலாளியுடையது. ‘சி’ பகுதி நோய்களுக்கு மற்றொரு சிறப்பு உண்டு: பல முதலாளிகளிடம் மாறி மாறி வேலை செய்தவர் யாரிடம் நோய் பிடித்தது என்று காட்ட வேண்டியதில்லை, அவர்கள் அனைவரும், இச்சட்டப்படி கோரிக்கையை விசாரிக்கும் ஆணையர் நியாயமாகப் பிரித்துச் சொல்லும் பங்கில் பணம் கட்ட வேண்டும். ஒரு கிரஷரிலிருந்து மறு கிரஷருக்கும், ஒரு பட்டறையிலிருந்து மறு பட்டறைக்கும் கூலிக்காக நகரும் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான விதி இருக்க முடியாது. இருந்தும், தொழிலாளரிடையே அதிகம் அறியப்படாத விதியும் இதுவே.

தொகை எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இனி எந்த வேலையும் செய்ய இயலாத நிரந்தர முழு இயலாமை என்றால், மாத ஊதியத்தின் 60 விழுக்காட்டை, வயதுக்கேற்பச் சட்டம் தரும் ஒரு காரணி எண்ணால் பெருக்க வேண்டும். இறந்தால் குடும்பத்துக்கு 50 விழுக்காடு. உண்மை ஊதியம் எவ்வளவானாலும் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய். 50 வயதுக்குரிய காரணி 153.09 என்பதால், அந்த வயதில் முழு இயலாமைக்கு ஆளான கல்லறுப்புத் தொழிலாளிக்கு 9,000 ரூபாயை அதனால் பெருக்க 13,77,810 ரூபாய் வருகிறது. உழைக்கும் திறனில் 40 விழுக்காடு மட்டும் இழந்ததாக மருத்துவர் மதிப்பிட்டால் 5,51,124 ரூபாய். உரிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கட்டத் தவறிய முதலாளி 12 விழுக்காடு வட்டியும், தக்க காரணமின்றித் தாமதித்தால் தொகையில் பாதிவரை அபராதமும் சேர்த்துக் கட்ட நேரிடும்.

ஈ.எஸ்.ஐ. எனப்படும் அரசு ஈட்டுறுதித் திட்டத்தில் சேர்க்கப்பட்ட தொழிலாளிக்கு இந்த வழி அடைபடுகிறது. அவர் முதலாளியிடம் அல்ல, ஈ.எஸ்.ஐ. கழகத்திடமே கோர வேண்டும். நோய்களின் பட்டியல் அங்கும் இதுவே. மருத்துவக் குழு இயலாமையின் அளவை முடிவு செய்ய, முழு இயலாமைக்கு ஊதியத்தின் ஏறத்தாழ 90 விழுக்காடு வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் கிடைக்கும். ஒரே தவணையில் பெருந்தொகை வாங்கிக் கடனிலும் சடங்கிலும் கரைப்பதைவிட இது பல குடும்பங்களுக்கு மேலானது என்றே சொல்ல வேண்டும். மறைமலைநகர், மகிந்திரா சிட்டி போன்ற ஆலை வளாகங்களில் ஒப்பந்தத் தொழிலாளியாகவே இருந்தாலும், சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்திருந்தால் அவர் இந்த வழிக்கு உரியவர்.

இந்த ஏற்பாடுகள் யாவும் ஏட்டில் செம்மையாகவே இருக்கின்றன. வழக்குகள் உடையும் இடம் காலமும் சான்றும் ஆகும். 1923-ஆம் ஆண்டுச் சட்டம், இயலாமை நேர்ந்த நாளிலிருந்தோ இறந்த நாளிலிருந்தோ இரண்டு ஆண்டுகளுக்குள் கோரச் சொல்கிறது. வேலையை விட்டபின் இரண்டு ஆண்டுகளுக்குள் அறிகுறி தோன்றினால், அது கண்டறியப்பட்ட நாளிலிருந்து காலத்தைக் கணக்கிட இடமளிக்கிறது. இயந்திரத்தில் சிக்கிய விரலுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். வேலையை விட்டு இருபதாண்டுகள் கழித்து வெளிப்படும் கல்நார் நோய்க்கு எப்படிப் பொருந்தும்? தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் ஆணையருக்கு உண்டு என்பதும், வேலையை விட்டபின் வந்த நோய் அந்த வேலையால் வந்ததே என்று மெய்ப்பித்தால் அதையும் காயமாகக் கருதலாம் என்பதும் உண்மையே. ஆனால் இங்கே சட்டத்தின் ஊகம் துணைக்கு வராது. மெய்ப்பிக்கும் சுமை முழுவதும் நோயாளியின் தோளுக்கு மாறிவிடுகிறது. அந்த நேரத்தில் ஆலை மூடப்பட்டிருக்கும், குவாரி தண்ணீர் நிரம்பிய குளமாகியிருக்கும், கங்காணி இறந்திருப்பார். நோயின் இயல்பை அறிந்து 40 ஆண்டுப் பதிவேட்டைக் கோரிய 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கும், இரண்டாண்டு வரம்பை விடாத சட்டத்துக்கும் இடையிலான இந்த முரண் தீர்க்கப்படாதவரை, இழப்பீட்டு உரிமை பாதி உரிமையே.

சான்றைப் பொறுத்தவரை நிலைமை சற்று நம்பிக்கை தருவது. வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டியதில்லை, வாய்மொழியே போதும். தற்காலிகத் தொழிலாளியை விலக்கி வைத்த பழைய வாசகமும் 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. பீஸ் ரேட்டுக்குச் செதுக்கினார் என்பதாலேயே ஒருவர் தொழிலாளி அல்லாதவர் ஆகிவிடுவதில்லை. ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவர், ஒப்பந்தக்காரர் காணாமற்போனால், வேலையை ஒப்படைத்த முதன்மை முதலாளியிடமே கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக உதவுவது பி.எஃப். கணக்கு, யாரிடம், எந்த மாதம் முதல் எந்த மாதம்வரை என்று முதலாளியே கட்டிய பணத்தின் வழியே அது சொல்லிவிடுகிறது. அது இல்லாதவருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை, நல வாரிய அடையாள அட்டை, கூலி எழுதிய நோட்டு, உடன் வேலை செய்தவரின் வாக்குமூலம் ஆகியன துணையாகும்.

எனினும் மாமல்லபுரத்தில் சொந்தப் பட்டறையில் தானே முதலாளியும் தானே தொழிலாளியுமாய் இருக்கும் சிற்பிக்கு இழப்பீட்டுச் சட்டம் எதையும் தராது. ஏனெனில் எதிர்மனுதாரர் என்று நிறுத்த எவருமில்லை. கைவினைத் தொழிலாளர் நல வாரியமும், கல் உடைப்போரையும் உள்ளடக்கிய கட்டுமானத் தொழிலாளர் நல வாரியமும் தரும் உதவிகள் தேவையானவையே, ஆனால் அவை நுரையீரலின் விலைக்கு ஈடானவை அல்ல. முதலாளி இல்லாதவருக்கும் இழப்பீடு தருவதற்கு முன்மாதிரி இந்தியாவிலேயே உண்டு. ராஜஸ்தான் அரசு 2019-இல் தூசால் வரும் நுரையீரல் நோய்களுக்காக வகுத்த நிமோகோனியோசிஸ் கொள்கை, முதலாளி யார் என்று கேட்காமல், மருத்துவக் குழு சான்றளித்ததும் நோயாளிக்கு 3 லட்சம் ரூபாயும், இறந்தபின் குடும்பத்துக்கு 2 லட்சமும், மாத ஓய்வூதியமும் தருகிறது. சிலை செதுக்குவோரும் அதன் பயனாளிகளே. குஜராத்தின் குவார்ட்ஸ் ஆலைகளில் வேலை செய்து மாண்ட மத்தியப் பிரதேசப் பழங்குடியினர் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் வழங்க உச்ச நீதிமன்றம் 2016-இல் குஜராத் அரசையே பணித்தது. பிரிட்டனிலும், பழைய முதலாளியையோ அவருடைய காப்பீட்டு நிறுவனத்தையோ கண்டுபிடிக்க இயலாத மீசோதீலியோமா நோயாளிகளுக்காக, காப்பீட்டு நிறுவனங்களிடம் தீர்வை வாங்கி நிதி வழங்கும் சட்டம் 2014-இல் இயற்றப்பட்டது. குவாரி உரிமதாரர்கள் செலுத்தும் பணத்தால் நடக்கும் மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. கல்லெடுத்த வருவாயில் ஒரு பகுதியைக் கல்லால் கெட்ட நுரையீரலுக்குச் செலவிடச் செங்கல்பட்டில் ஒரு சான்றளிப்புக் குழுவை அமைப்பதற்கு அரசின் விருப்பம் ஒன்றே குறை.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் ஈ.எஸ்.ஐ. சட்டத்தையும் தனக்குள் சேர்த்துக்கொண்டுவிட்டது. நோய்ப் பட்டியலும் பொறுப்பின் அடிப்படையும் அதிலும் தொடர்கின்றன. ஒருவரின் கோரிக்கை பழைய சட்டத்தின் கீழ் வருமா, புதியதின் கீழ் வருமா என்பது நோய் கண்ட நாளைப் பொறுத்தது. ஆதலால் முதல் மருத்துவச் சீட்டின் தேதி முன்னெப்போதையும்விட இன்று முக்கியமானது.

கல் உடைத்தவர், செதுக்கியவர், ஷீட் அறுத்தவர், பழைய கூரை பிரித்தவர் எவராயினும், மூச்சு வாங்கினால் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது தம் வேலையை. அதைச் சீட்டில் எழுதும்படி கேட்கவும் வேண்டும். எக்ஸ்-ரே படம், மூச்சளவு அறிக்கை, பி.எஃப். விவரம் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்து, காலவரம்பு கடக்குமுன் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுக வேண்டும். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்பது தடையாகாது: 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக் குழுச் சட்டப்படி, தொழிலகத் தொழிலாளர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவிடம் நேரில் மனு கொடுக்கலாம். தொலைபேசியில் கேட்க நாடு முழுவதற்குமான எண் 15100.